கிடாவுக்கு வெளியே, யானைக்கு உள்ளே

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூர்க் கறிக்கடைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. உரித்த ஆடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தலை போயிருக்கும், குடல் போயிருக்கும், தோலும் போயிருக்கும் (அது நேராகத் தோல் மண்டிக்கு! இந்த ஊரில் ஆட்டில் எதுவும் வீணாவதில்லை). ஆனால் பின்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும் இரண்டு விதைகளை மட்டும் கடைக்காரர் வெட்டாமல் விட்டுவைத்திருப்பார்.

"பாய், கிடா தானே?"

"தொங்குது பாருங்கண்ணே. அதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?"

கேட்டவரும் ஒரு தடவை பார்த்துவிட்டு, திருப்தியாக அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போவார். பெட்டை ஆட்டை வெட்டிவிட்டு கிடா என்று ஏமாற்றக் கூடாதே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இப்போது இரண்டு கடை தள்ளி நாட்டுக்கோழி விற்கும் இடத்துக்குப் போவோம். அங்கே இந்த சர்டிபிகேட் செல்லாது. சேவலின் வாலுக்குக் கீழே எவ்வளவு தேடினாலும் ஒன்றும் தென்படாது. கொண்டையையும் வால் இறகையும் வைத்துத்தான் சேவல் என்று சொல்ல வேண்டும். ஆனால் வயிற்றைக் கிழித்து, குடலை எடுத்துவிட்டு, முதுகெலும்பை ஒட்டிப் பார்த்தால் மொச்சைக்கொட்டை மாதிரி வெளிறிய இரண்டு உருண்டைகள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் விதைகள்.

மூன்றாவது இடம் கொஞ்சம் தூரம். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வழியாகப் போனால் ஆந்திர எல்லைக் காடு வந்துவிடும். அந்தப் பக்கம் கௌண்டின்யா சரணாலயம். 1980-களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து கிளம்பிய யானைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. 1990-ல் அந்தக் காடு சரணாலயம் ஆனது. அங்கிருந்து பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து நிலங்களுக்கு யானை இறங்கும்போதெல்லாம் பேப்பரில் செய்தி வரும். தந்தம் இருந்தால் ஆண் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். தந்தம் இல்லாத ஆணும் உண்டு, அதற்கு மக்னா என்று பெயர். மக்னாவைப் பெண் யானை என்று நினைத்து ஏமாறுவது சுலபம். காரணம், அவ்வளவு பெரிய மிருகத்துக்கு வெளியே தொங்கும் விதைப்பையே கிடையாது! யானையின் விதைகள் வயிற்றுக்குள்ளே, சேவலுக்கு இருப்பதுபோலவே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

இதனால் ஒரு பெரிய நடைமுறைச் சிக்கலும் உண்டு. காளையைக் காயடித்து வண்டி மாடாக்குவது நம் ஊரில் காலம் காலமாக நடப்பது. இப்போது கால்நடை மருத்துவர் இடுக்கி போன்ற ஒரு கருவியால் விதைக்குப் போகும் ரத்தக் குழாயை நசுக்கிவிடுகிறார். தோலில் வெட்டுக் காயம்கூட இருக்காது, சில நிமிட வேலை. யானையிடம் இது நடக்காது. வயிற்றைத் திறந்து, ஆழத்தில் தேடி எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை அது. அதனால்தான் எத்தனையோ நூற்றாண்டுகளாக யானையைப் பழக்கியும் அதைக் காயடிக்கும் வழக்கம் வரவே இல்லை. மதம் பிடித்தால் சங்கிலியால் கட்டிப்போட்டு, தீனியைக் குறைத்து, அடங்கும்வரை காத்திருப்பதுதான் வழி. தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் பெண் யானையாகவே வைத்திருப்பதற்கும் இந்த மதத்தொல்லைதான் காரணம்.

ஆட்டுக்கு வெளியே, சேவலுக்கு உள்ளே, யானைக்கும் உள்ளே. வேலை ஒன்றுதான், உறுப்பு ஒன்றுதான். ஏன் இப்படி?

பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. (அந்தப் பாடம் வந்ததும் "இதை வீட்ல படிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குத் தாவியிருப்பார். வீட்டில் படித்தவர்கள் கை தூக்கலாம்!) விந்தணு உற்பத்திக்கு உடல் சூடு ஆகாது, சில டிகிரி குறைவாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் விதைப்பை வெளியே இருக்கிறது என்பதே அந்தப் பதில்.

இது பொய் இல்லை. ஆட்டின் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி செல்சியஸ். விதைகள் அதைவிட நான்கைந்து டிகிரி குறைந்த வெப்பத்தில் இருக்கின்றன. அதற்காகச் செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் ஏசி மெக்கானிக்கே அசந்துபோவார். விதைப்பையின் தோலுக்கு அடியில் கொழுப்பு கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். வயிற்றுப் பக்கத்துத் தோல் மற்ற இடத்தைவிட மெல்லியது, இழுபடும் என்பது தோல் ஷாப்பில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். விதைப்பைத் தோல் அதையும் தாண்டியது. அதற்கு அடியில் ஒரு தசை ஏடு இருக்கிறது. குளிரடித்தால் அது சுருங்கும், வெயிலில் தளரும். இன்னொரு தசை விதைகளை மேலே இழுக்கவும் கீழே விடவும் செய்கிறது. எல்லாவற்றையும்விட அழகான ஏற்பாடு ரத்தக் குழாயில் இருக்கிறது. கீழே இறங்கும் தமனியைச் சுற்றி, மேலே ஏறும் சிரைகள் வலை மாதிரி பின்னிக்கொண்டிருக்கும். சூடாக இறங்கும் ரத்தம், குளிர்ந்து திரும்பும் ரத்தத்திடம் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் விதைக்குள் நுழைகிறது.

1920-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல் மூர் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். விலங்குகளின் விதைகளைத் திரும்ப வயிற்றுக்குள் தள்ளி வைத்தார், விந்தணு உற்பத்தி நின்றுபோனது. செம்மறிக் கிடாவின் விதைப்பையைச் சூடு வெளியேறாதபடி சுற்றிக் கட்டினார், அதிலும் பாதிப்பு தெரிந்தது. சூடு ஆகாது என்பது நிரூபணமாகிவிட்டது.

ஆனால் சேவலின் உடல் வெப்பம் 41 டிகிரி. கிடாவைவிட அதிகம்! அந்தச் சூட்டிலேயே அதன் விதைகள் ஜோராக வேலை செய்கின்றன, ஊரெல்லாம் குஞ்சு ஓடுகிறது. யானையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் குட்டி போடுகிறது. அப்படியானால் சூட்டில் விந்தணு உருவாகவே முடியாது என்பது இயற்கைச் சட்டம் ஒன்றும் இல்லை. ஆட்டின் விந்தணுவுக்கு அந்தச் சூடு ஆகாது, அவ்வளவுதான்.

இங்கேதான் காரணம் எது, விளைவு எது என்று குழப்பம் வருகிறது. ஆம்பூர்க்காரர்களுக்குச் செருப்பை வைத்துச் சொன்னால் புரியும். செருப்புப் போட்டே வளர்ந்த கால் தார் ரோட்டில் இறங்கினால் கொப்பளித்துவிடும். வெறுங்காலிலேயே நடந்து பழகியவருக்கு அது ஒன்றுமே இல்லை. கொப்பளித்த காலை மட்டும் பார்த்துவிட்டு முதல் செருப்பு எதற்காகத் தைக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியுமா? விதைகள் வேறு ஏதோ காரணத்துக்காக வெளியே வந்திருக்கலாம், அந்தக் குளிர்ச்சிக்கு விந்தணு பிறகு பழகியிருக்கலாம். மூரின் சோதனை காட்டுவது விதைப்பை இன்று என்ன செய்கிறது என்பதைத்தான். அது ஏன் தோன்றியது என்பதை அல்ல.

சரி, யார் முதலில்? பாலூட்டிகளின் ஆதி மூதாதைக்கு விதைகள் உள்ளே இருந்து, யானை மட்டும் பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறதா? அல்லது இறங்கியதைத் திரும்ப உள்ளே ஏற்றிக்கொண்டதா? இதில் பல காலம் சண்டை நடந்தது. எலும்பு மண்ணில் கிடக்கும், பல் கிடக்கும். விதைப்பை எந்தப் பாறையில் படிந்து கிடக்கப்போகிறது?

விடை மரபணுவில் கிடைத்தது. விதைகள் எல்லாக் கருவிலும் சிறுநீரகத்துக்கு அருகில்தான் உருவாகின்றன. அங்கிருந்து அவற்றைக் கீழே கொண்டுவருவது நாண் போன்ற ஒரு தசைநார். அந்த நாண் சரியாக வளர இரண்டு ஜீன்கள் முக்கியம். 2018-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் விராக் சர்மா, மைக்கேல் ஹில்லர் குழுவினர் 71 பாலூட்டிகளின் மரபணுத் தொகுப்பில் இந்த இரண்டு ஜீன்களையும் தேடிப் பார்த்தார்கள். விதை இறங்காத நான்கு விலங்குகளில் மட்டும் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. நான்குமே யானையின் பரம்பரை உறவுக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மூன்று ஆப்பிரிக்காவின் சிறு பிராணிகள். நான்காவது, நம் பாக் விரிகுடாவில் புல் மேயும் ஆவுளியாவின் உறவினரான மனாட்டி என்ற கடற்பசு.

ஜீன் கெட்டுப்போயிருந்தது என்பதைக் கவனியுங்கள். அது அங்கே இல்லவே இல்லை என்பதல்ல, உடைந்த மிச்சம் இருக்கிறது. பாலாற்றங்கரையில் மூடிக்கிடக்கும் ஒரு ஷெட்டுக்குள் துருப்பிடித்த டிரம் கிடந்தால், அங்கே ஒரு காலத்தில் தோல் பதனிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அதே கணக்குத்தான். ஆடு, மாடு, யானை, மனிதன் எல்லோருக்கும் பொதுவான மூதாதைக்கு விதை கீழே இறங்கியிருக்கிறது. யானையின் கூட்டம்தான் பிறகு அதைக் கைவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யானையிடம் அந்த ஜீன்கள் அந்த நான்கைப்போல் உடையவில்லை. ஆக, உறவினர்கள் ஒரு கதவு வழியாக உள்ளே போனால் யானை வேறு கதவு வழியாகப் போயிருக்கிறது.

இப்படி இருந்ததை இழப்பது பரிணாமத்தில் அபூர்வமே இல்லை. சேவலுக்கு விதை வெளியே இல்லாதது மட்டுமல்ல, ஆண்குறியே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பறவைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இப்படித்தான். எச்சத்துவாரத்தோடு எச்சத்துவாரம் ஒட்டி ஒரு நொடி, வேலை முடிந்தது. வாத்துக்கு மட்டும் நீளமான, திருகிய உறுப்பு இன்னும் இருக்கிறது. 2013-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கோன் குழுவினர் முட்டைக்குள் பார்த்தார்கள். கோழிக்குஞ்சின் கருவிலும் அந்த மொட்டு முதலில் முளைக்கிறது! பிறகு ஒரு புரதத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்தச் செல்கள் செத்து, மொட்டு கரைந்துபோகிறது. ஒவ்வொரு சேவலும் முட்டைக்குள்ளேயே ஒரு தடவை பெற்று, ஒரு தடவை இழக்கிறது.

விதைகள் முதலில் ஏன் இறங்கின என்ற கேள்விக்கு வருவோம். அனுமானங்களுக்குப் பஞ்சமில்லை. மைக்கேல் சான்ஸ் என்பவர் 1996-ல் ஒன்றைச் சொன்னார். குதித்து ஓடும் விலங்குகளுக்கு ஒவ்வொரு பாய்ச்சலிலும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், உள்ளே விதை இருந்தால் பிதுங்கும், அதனால் வெளியே வந்தது என்பது அவர் கட்சி. யானைக்கு இது அழகாகப் பொருந்துகிறது, யானை குதிப்பதே இல்லை. ஆனால் காண்டாமிருகம் குதிரை மாதிரிப் பாய்ந்து ஓடும், அதற்குத் தொங்கும் விதைப்பை இல்லை. பெட்டையைக் கவர்வதற்கான பகட்டு என்கிறார்கள் சிலர். ஆப்பிரிக்காவில் விதைப்பை நீல நிறத்தில் பளிச்சிடும் குரங்கு ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் மற்றவர்கள் அப்படி எதையும் காட்டிக்கொள்வதில்லையே! டால்ஃபின் நீந்துவதற்கு வசதியாக விதைகளை உடம்புக்குள் அடக்கிவிட்டு, முதுகுத் துடுப்பிலும் வாலிலும் குளிர்ந்த ரத்தத்தை அங்கே திருப்பிவிட்டுச் சமாளிக்கிறது. கங்காருவுக்கோ விதைப்பை ஆண்குறிக்கு முன்னால் இருக்கிறது. எல்லாக் கேஸுக்கும் பொருந்தும் ஒரே சாவி இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

யானை சூட்டை எப்படிச் சமாளிக்கிறது? செல்லின் மரபணு சேதமடைந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் காவலாளி ஜீன் ஒன்று உண்டு, பெயர் டிபி53. மனிதனுக்கு அது ஒன்று. ஆப்பிரிக்க யானையிடம் ஏறத்தாழ இருபது பிரதிகள் இருப்பதாக 2015-ல் தெரியவந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்குப் புற்றுநோய் அவ்வளவாக வராததற்கு இதுதான் காரணம் என்று உலகமே பேசியது. 2023-ல் ஃப்ரிட்ஸ் வோல்ராத் வேறு மாதிரி யோசித்தார். இத்தனை காவலாளிகள் முதலில் வந்தது புற்றுநோய்க்காக இல்லாமல், உள்ளே சூட்டில் கிடக்கும் விந்தணுவைக் காப்பாற்றுவதற்காக இருக்கலாமே என்றார். அனுமானம்தான், நிரூபணம் இல்லை. ஆனாலும் சுவாரசியமான அனுமானம்.

மனிதனுக்கு இந்த இறக்கம் இலவசமாகக் கிடைக்கவில்லை. கிரிக்கெட் பந்து படக்கூடாத இடத்தில் பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், வலி கீழே மட்டும் நிற்காது, அடிவயிறு முழுக்கப் பிசையும். விதைக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் இன்றும் சிறுநீரகத்துக்கு அருகிலிருந்துதான் கிளம்புகின்றன. பிள்ளை வீடு மாறிப்போனாலும் ரேஷன் கார்டு பழைய விலாசத்திலேயே இருக்கிறது :-) விந்தைக் கொண்டுபோகும் குழாயும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு நேராகப் போகாமல் வயிற்றுக்குள் ஏறி, சிறுநீர்க்குழாயைச் சுற்றிக்கொண்டு, திரும்ப இறங்கி வருகிறது.

இன்னொரு விலை, இறங்கிய பாதை. விதை வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு தொடை இடுக்கு வழியாக வெளியே வர வேண்டும். வந்தபின் அந்தப் பாதை மூடிக்கொண்டாலும் அங்கே சுவர் பலவீனம்தான். பாரம் தூக்கும்போதோ விடாமல் இருமும்போதோ அந்த இடத்தில் குடல் புடைத்துக்கொண்டு வருவதுதான் குடலிறக்கம், ஊரார் சொல்லும் ஹெர்னியா. இடுப்புக்குக் கீழே வரும் இந்தக் குடலிறக்கம் பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். ஈரத்தோலைச் சுமக்கும் ஷாப்புகளில், அதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால்தான் தெரியும்.

மூன்றாவது விலைதான் பெரியது. கருவிலேயே ஏழாம் மாதம் தொடங்கி விதைகள் அந்தப் பாதையில் இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு ஒன்றோ இரண்டோ இறங்காமல் நின்றுவிடும். குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். ஒரு வயதில் பார்த்தால் நூற்றுக்கு ஒருவர் அளவில் மிஞ்சுவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தானாக இறங்குவது அபூர்வம். அதனால் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து கீழே இறக்கிப் பொருத்திவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பெரும்பாலும் சிறு கீறல்தான், அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம்.

செய்யாமல் விட்டால்? யானைக்கு உள்ளே இருந்தால் பரவாயில்லை, அதன் விந்தணு அந்தச் சூட்டில் வாழப் பழகியது. மனிதக் குழந்தையின் விதை குளிர்ச்சிக்குப் பழகிய பரம்பரையைச் சேர்ந்தது. உள்ளே கிடந்தால் விந்தணுவை உருவாக்க வேண்டிய செல்கள் முதல் வயதிலிருந்தே குறையத் தொடங்கும். பின்னாளில் விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுகிறது.

இவ்வளவு தெரிந்தும் நம் நாட்டில் பல பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் இதற்காக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சிலர் அப்போதும் வருவதில்லை. அம்மாவுக்குச் சந்தேகம் இருக்கும், மாமியாரிடம் சொல்லக் கூச்சம். அப்பாவிடம் சொன்னால் "வளர வளர இறங்கிடும்" என்பார். பையனுக்கே தெரியவரும்போது பதினைந்து வயது, அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும், அதுவும் கடைசியில்தான். ஏனென்றால் முதல் இரண்டு மூன்று வருஷம் மனைவியை மட்டும்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைவார்கள். கறிக்கடையில் கூச்சமில்லாமல் எட்டிப் பார்த்துச் சரிபார்க்கும் அதே ஊர்தான் இது!

கண்டுபிடிப்பதற்கு எந்த மெஷினும் தேவையில்லை. ஆனால் ஒரு குழப்பம் வரும். குளிரிலும் பயத்திலும் அந்த இழுக்கும் தசை விதையை மேலே தூக்கிவிடும், பை காலியாக இருப்பதுபோலத் தோன்றும். அது வியாதி இல்லை, சூட்டில் திரும்ப இறங்கிவிடும். ஆக, பார்க்க வேண்டிய நேரம் வெந்நீரில் குளிக்கும் நேரம். நம் வீடுகளில் அதற்கு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாரே, அப்போது குழந்தையின் உடம்பெல்லாம் தளர்ந்திருக்கும். இரண்டும் பையில் இருக்கிறதா என்று விரலால் தொட்டாலே தெரிந்துவிடும். குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனாலும், கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே அவர் அம்மாவிடம் கேட்பது அதைத்தான்: "குளிப்பாட்டும்போது கீழே இறங்குதாம்மா?"